மாதிரி எடுத்தால் முடிவைத் தந்துவிட்டுப் போங்கள்

மாரி தொடங்கப் போகிறது. வெள்ளம் வடிந்த கையோடு வழமைபோல வன்னிக்குள் ஆய்வுக் குழுக்கள் இறங்கும். பல்கலைக்கழகப் பிள்ளைகள், திட்ட ஊழியர்கள், சில வேளை வெளிநாட்டுக்காரர். கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு டப்பி மலம், வயல்காரரிடம் ஒரு சிறிஞ்சு இரத்தம். வாங்கிக்கொண்டு போவார்கள். அதோடு சரி.

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டாலே சந்தோசப்படுகிற ஆள். எங்கள் மண்ணில் ஆய்வு இன்னும் எத்தனையோ மடங்கு நடக்க வேண்டும். ஆனால் என் கிணற்றுத் தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு முதல் எங்கேயோ இருக்கும் ஒரு சஞ்சிகை வாசகருக்குத் தெரிவது அநியாயம். அதுவும் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போவது பெரிய அநியாயம்.

எங்கள் பாடசாலைக்குப் பக்கத்து வளவில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு தங்கச்சி கையுறை போட்டு, கிருமி நீக்கிய போத்தலில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினா. வாளியால் அள்ளினால் வாளியில் இருக்கிற கிருமியும் சேர்ந்துவிடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினா. போத்தலில் இலக்கம் எழுதி, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தா. செய்த வேலையில் ஒரு குறையும் சொல்லேலாது. வளவுக்கார ஆச்சி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டா: "பிள்ளை, முடிவு எப்ப வரும்? பேரப்பிள்ளையளுக்கு இந்தத் தண்ணியக் குடுக்கலாமோ?" "ரெண்டு கிழமையில சொல்லுவம் அம்மம்மா." அந்த மாரியும் போய், பிறகு கோடையும் போயிற்று. ஆச்சி இன்றைக்கும் அதே கிணற்றில்தான் அள்ளுகிறா. போத்தலில் எழுதிய இலக்கம் அவவிடம் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

அந்தத் தங்கச்சியை நான் குறை சொல்லவில்லை. அவவுக்கு மேலே இருந்து ஆய்வுத் திட்டத்தை எழுதியவர்கள், முடிவைத் திருப்பிக் கொடுப்பதை ஒரு வேலையாகவே எழுதவில்லை. பிழை அங்கேதான்.

வன்னித் தண்ணீரை விளங்கிக்கொள்ள ஒரு தரம் வந்து எடுக்கிற மாதிரி காணாது. கோடையில் எங்கள் கட்டுக்கிணறுகளில் தண்ணீர் அடியில் கிடக்கும். மார்கழியில் குனிந்து கையால் மொள்ளலாம், அவ்வளவுக்கு நிலத்தடி நீர் ஏறிவிடும். கிணறு ஏறினால் பக்கத்து மலசலகூடக் குழிக்குள்ளும் அதே நீர்தான் ஏறும். அகதி முகாம்களுக்கென்று எழுதப்பட்ட சர்வதேச நியமங்களே குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீட்டர் வேண்டும், குழியின் அடி நிலத்தடி நீருக்கு மேலே குறைந்தது 1.5 மீட்டர் நிற்க வேண்டும் என்கின்றன. மீள்குடியேற்றத்தில் கிடைத்த காணித் துண்டுக்குள் வீட்டையும் கிணற்றையும் குழியையும் கட்டியவர்களுக்கு அந்தத் தூரம் எங்கே கிடைத்தது? ஆவணியில் வந்து மாதிரி எடுத்து "தண்ணீர் பரவாயில்லை" என்று எழுதுகிறவர், மார்கழியில் அதே கிணற்றைப் பார்க்காமல் அந்த வசனத்தை எழுதக் கூடாது.

இன்னொன்று. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் நிறைய வீடுகள் ஆர்.ஓ. என்கிற, இயந்திரத்தில் உப்பு நீக்கி வடித்த தண்ணீருக்கு மாறிவிட்டன. பயம் நியாயமானது, பறிகொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் எல்லாருடைய கவனமும் உப்பு, புளோரைட்டு, கன உலோகம் என்று போனதில் கிருமியை மறந்துவிட்டோம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து சுத்தமாக வருகிற தண்ணீர் கழுவாத கானுக்குள் போகிறது. வாய் திறந்த பானைக்குள் ஊற்றப்பட்டு, எல்லாரும் கைவிட்டு மொள்கிற குவளையால் குடிக்கப்படுகிறது. கிருமி வழியில் ஏறுகிறது. இயந்திர வாயில் எடுத்த மாதிரி இதைச் சொல்லாது. வீட்டுக் குவளையில் எடுக்க வேண்டும்.

"ஆய்வெல்லாம் பிறகு, முதலில் சனத்துக்குத் தண்ணியக் குடுங்கோ" என்று என் தோழி ஒருத்தி சண்டை பிடிப்பா. இரண்டையும் பிரிக்கேலாது என்பேன். 1971இல் வங்காளப் போர் அகதிகள் குவிந்த, இந்தியாவின் மேற்கு வங்கத்துப் பொங்காவ்ன் முகாமில் வாந்திபேதியால் சனம் செத்துக்கொண்டிருந்தது. ஏற்றுவதற்குச் சேலைன் முடிந்துவிட்டது. டொக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோசையும் உப்பையும் தண்ணீரில் கரைத்து வாயால் பருக்க வைத்தார். கணக்கையும் எழுதி வைத்தார். 100க்கு 30 அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. இன்று நாங்கள் பார்மசியில் வாங்கும் ஜீவனி என்ற வயிற்றோட்டக் கரைசல் பக்கற்றுக்குப் பின்னால் அந்த முகாம் இருக்கிறது. அங்கே ஆய்வின் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது பாயில் கிடந்த நோயாளிக்கு. உலகம் பிறகுதான் வாசித்தது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் செங்கமாரி பரவியதை அனுபவித்தவர்கள் இதை வாசிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மலேரியாவை எடுங்கள். 1999இல் நாட்டில் பதிவானது 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் வன்னியில் நடுக்கமும் காய்ச்சலும் பார்க்காத வீடு இல்லை. காய்ச்சல் என்று போனவரின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி இருந்தால் அந்த ஆளுக்கே மருந்து. அவரின் வீட்டுக்குத் தேடிப் போய் மற்றவர்களின் இரத்தத்தையும் பார்த்தார்கள். 2012 ஐப்பசியோடு மலேரியாவின் உள்ளூர்ப் பரவல் நின்றது; 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. அந்த வெற்றியில் எனக்குப் பிடித்ததே, மாதிரி தந்த ஆளிடம் முடிவு திரும்பி வந்ததுதான். தேடல் அதோடு நிற்கவும் இல்லை. சான்றிதழ் கிடைத்துச் சில மாதங்களிலேயே, இந்தியாவில் நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தார்கள், அதுவும் கிணறுகளில். 1963இல் வெறும் 17 பேருக்கு வந்த மலேரியா, கவனம் தளர்ந்ததும் 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டிய கதையை அந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை.

எலிக்காய்ச்சலுக்கு இந்த மாதிரி ஒரு தேடல் எங்கே? 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் சனம் இறந்தபோது முதலில் "மர்மக் காய்ச்சல்" என்றுதான் செய்தி வந்தது. பரிசோதனை முடிவு வந்த பிறகே பெயர் தெரிந்தது. எலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாடு, எருமை, நாயின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். காலபோகத்தில் வரம்பு கட்டவும் புல்லுப் பிடுங்கவும் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், ஊறிய தோலே போதும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோகுது, கண் சிவக்குது, சிறுநீர் குறையுது என்றால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். வைத்தியரிடம் "வயலுக்குள்ள நிண்டனான்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். இரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைத் தேடும் பரிசோதனை முதல் சில நாட்களில் ஒன்றும் காட்டாமல் விடலாம். அதனால் அந்த ஒரு வசனம் உயிரைக் காப்பாற்றும். விதைப்புத் தொடங்கும்போதே பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்), எலிக்காய்ச்சல் வராமல் முற்காப்பாகப் போடும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். வாரம் ஒரு தடவை போடுவது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது கூடாது, அதனால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

குடல் ஒட்டுண்ணிகளின் நிலை இதைவிட மோசம், ஏனென்றால் அவை தேடினால்தான் அகப்படும். கொக்கிப்புழு முட்டையைத் தேடும் கேட்டோ-கட்ஸ் முறையில், மலத்தைத் தகட்டில் தடவிய ஒரு மணித்தியாலத்துக்குள் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட வேண்டும். பிந்தினால் முட்டை கரைந்து கண்ணுக்குத் தெரியாது. தகட்டை இங்கே தடவி, தூரத்து ஆய்வுகூடத்தில் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதினால், அந்த "இல்லை"யை நான் நம்ப மாட்டேன். கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு ஒட்டுண்ணி இருக்கிறது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் 7 நாடுகளில் செய்து 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கைக்குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு முன்னணிக் காரணங்களில் அதுவும் ஒன்று என்று தெரிந்து எல்லாரும் திகைத்தார்கள். வழமையான மலப் பரிசோதனையில் அது தெரியாது, தனிச் சாயம் போட வேண்டும். குளோரினுக்கும் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரைக் குடித்தே ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயானார்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவது கட்டாயம் வேண்டும். அதோடு தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் வேண்டும். குமிழி பறக்க ஒரு நிமிடம் கொதித்தால் கிரிப்டோவும் செத்துவிடும்.

எங்கள் பிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் எவ்வளவு பங்கு இந்த ஒட்டுண்ணியால்? கொழும்பிலிருந்து வாராவாரம் வரும் தொற்றுநோய் அறிக்கையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று மாவட்டவாரியாக வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, எலிக்காய்ச்சல் எல்லாம் இருக்கும். சாதாரண வயிற்றோட்டத்துக்கு அதில் இடமே இல்லை. பார்மசியில் குளிசை வாங்கிச் சுகப்பட்ட பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. ஐந்தாம் ஆண்டில் மெலிந்து, சோர்ந்து, கிழமையில் இரண்டு நாள் வராத பிள்ளையை "படிப்பில் அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்றே என்பார்கள். அந்த ஒரு குளிசை ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது.

ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுக்களில் இருக்கிற வைத்தியர்களே, பேராசிரியர்களே, உங்களை நேரடியாகக் கேட்கிறேன். முடிவை வீட்டுக்காரருக்கு எப்போது, யார், எந்த மொழியில் சொல்வார் என்று எழுதாத விண்ணப்பத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள். ஒரு பக்கத் தமிழ்த் தாள் போதும்: உங்கள் கிணற்றில் மலக்கிருமி இருக்கிறது அல்லது இல்லை, இருந்தால் இதைச் செய்யுங்கள். பிரதி ஒன்று பிஎச்ஐக்கு. சனத்துக்கு விளங்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். மலேரியாவை விளங்கிக்கொண்ட சனம் இது.

பாடசாலைகளாலும் முடியும். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்திய ஹைட்ரஜன் சல்பைட்டுப் போத்தல் இருக்கிறது. தண்ணீரை ஊற்றி மூடி எங்கள் வெயிற் சூட்டில் வைத்தால் போதும். ஓரிரு நாளில் கறுத்தால் மலத்தால் மாசுபட்டிருக்கச் சந்தர்ப்பம் அதிகம். முழு ஆய்வுகூடப் பரிசோதனைக்கு அது ஈடாகாது, ஆனால் எந்தக் கிணற்றை முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டித்தரும். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு மாரிக்கு முன்னும் பின்னும் ஊர்க் கிணறுகள் முழுவதையும் பார்க்கலாம்.

ஊராக்களுக்கும் ஒன்று. மாதிரி கேட்டு வந்தால் மறுக்காதீர்கள், கொடுங்கள். கொடுக்கிறபோதே வந்தவரின் பெயர், தொலைபேசி இலக்கம், போத்தலில் எழுதிய இலக்கம் மூன்றையும் கலண்டரில் குறித்து வையுங்கள். திகதி தவறினால் எடுத்துக் கேளுங்கள்.

இந்த மாரிக்கு முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கம் வர இருக்கிற குழுக்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். முடிவு சொல்ல வருகிற அன்றைக்குச் சனத்தைக் கூட்டித் தருவது என் பொறுப்பு.