வரகு வாங்கினது ஈசி, அத்தைய சம்மதிக்க வைக்கிறதுதான்…

சிறுதானியத்துக்கு மாறுங்கன்னு கட்டுரைல சுலபமா எழுதிட்டீங்க, வீட்ல இருக்கவங்கள எப்படி மாத்துறதுன்னு ஒரு வரி கூட காணோமே! 2023ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாங்கல்ல, அந்த ஜோர்ல நானும் வரகு, சாமை, குதிரைவாலி எல்லாம் அரை அரை கிலோ வாங்கிட்டு வந்தேன். மொத நாள் வரகை அரிசி மாதிரியே நெனச்சு குக்கர்ல வச்சதுல கட்டியா களி மாதிரி ஆயிடுச்சு, எங்க அத்தை தட்டைப் பாத்துட்டு "நாங்க சின்ன வயசுல நெல்லுச்சோறு கண்டதே தீபாவளி பொங்கலுக்குத்தான், மத்த நாளெல்லாம் கூழும் களியும்தான், அதுலேர்ந்து தப்பிச்சு வந்தா நீ காசு குடுத்து அதையே வாங்கிட்டு வர்றியேம்மா"ன்னாங்க. எனக்கு பேச்சே வரல. ரேஷன்ல 2011லேர்ந்து அரிசி சும்மாவே குடுக்குறாங்க, இது கிலோ என்ன விலை விக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அப்புறம் வழி கண்டுபிடிச்சது குதிரைவாலிலதான், அரைமணி நேரம் ஊறவச்சு ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி வச்சு தயிர்சாதமா கெளறி கடுகு தாளிச்சு வச்சேன், நொய்யரிசின்னு நெனச்சு ரெண்டு தடவ போட்டுகிட்டாங்க. ஆனா சுகர் இருக்கவங்க இதையும் அளவாத்தான் சாப்பிடணும், எங்க வீட்டுக்காரர் சிறுதானியம்தானேன்னு மூணு கரண்டி போட்டுக்கறாரு. கம்பு இன்னும் எங்க அடுப்படிக்குள்ள வரல, அத்தை விடமாட்றாங்க.