முப்பத்தொரு வயதில் கிளம்பிய சைக்கிள்

பக்கவாதம் வந்தபின் அம்மா ஏழு வருடம் படுக்கையில் இருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டி, துணி மாற்றி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் போயிருக்கும். அந்த நேரத்தில் படித்ததில்தான் டெர்வ்லா மர்ஃபி கிடைத்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த புத்தகம். ‘ஃபுல் டில்ட்’. அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் சைக்கிளில் தனியாக வந்த ஒரு பெண்ணின் நாட்குறிப்பு.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓநாயிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதில் தப்பில்லை. 1963 ஜனவரியில், ஐரோப்பாவே உறைந்துபோன ஒரு குளிர்காலத்தில், பிரான்ஸின் டன்கிர்க்கிலிருந்து அவர் கிளம்பினார். சைக்கிளுக்கு ரோஸ் என்று பெயர். ஸ்பானிய நாவல் நாயகன் டான் கிஹோட்டேயின் குதிரை ரோசினான்டேயின் சுருக்கம். ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று கியரைக் கழற்றிவிட்டார். வழியில் உள்ள ஊர்களுக்கு உதிரி டயர்களை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவைத்தார். பையில் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. யூகோஸ்லாவியாவின் பனிக்காட்டில் ஓநாய்கள் பாய்ந்தபோது அதனால்தான் பிழைத்தார். துருக்கியில் நள்ளிரவில் ஒருவன் அறைக்குள் நுழைந்து கட்டிலருகே வந்து நின்றபோது கூரையைப் பார்த்துச் சுட்டார். ஆப்கானிஸ்தானில் பேருந்துக்குள் கட்டணத் தகராறு ஒன்றில் துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்புகள் முறிந்தன. அப்படியும் அந்தப் பயணத்தில் அவர் மனதைப் பறிகொடுத்த நாடு ஆப்கானிஸ்தான்தான். பனி மூடிய பாபுசர் கணவாய் வழியாகப் பாகிஸ்தானைக் கடந்து ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். ஆறு மாதம்.

எனக்குப் பிடித்துக்கொண்டது அந்த ஆறு மாதம் இல்லை. அதற்கு முந்தைய பதினாறு வருடம்.

டெர்வ்லா 1931 நவம்பரில் பிறந்தவர். தெற்கு அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சின்ன ஊர். அப்பா வாட்டர்ஃபோர்ட் வட்டார நூலகர். டெர்வ்லா கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து மூட்டுகள் முடங்கிவிட்டன. பத்தாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் ஒரு பழைய சைக்கிள் கொடுத்தார்கள், தாத்தா ஒரு பழைய அட்லஸ் கொடுத்தார். சில நாளில் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் சைக்கிள் ஏறும்போது, பெடலை மிதிக்கும் தன் கால்களைப் பார்த்து, இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியா போய்விடலாமே என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றியது. அன்றே முடிவும் எடுத்தாயிற்று.

அப்புறம் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார், அம்மாவைப் பார்த்துக்கொள்ள. 1961-ல் அப்பா இறந்தார், 1962 ஆகஸ்டில் அம்மா. அதற்குள் டெர்வ்லாவுக்கு முப்பது வயது. ஐந்தே மாதத்தில் டன்கிர்க்.

இதைப் படித்த ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய சாகசக்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணும் என்னைப் போல ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் உடனே சொல்வது எனக்குத் தெரியும். ‘பார்த்தாயா, அம்மாவுக்குச் செய்த புண்ணியம், கடவுள் உலகத்தையே சுற்ற வைத்தார்.’ என்னிடமே எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்! தயவுசெய்து யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். டெர்வ்லா அப்படிச் சொல்லவே இல்லை. 1979-ல் வந்த ‘வீல்ஸ் விதின் வீல்ஸ்’ என்ற தன்வரலாற்றில், அம்மாவின் கடைசி வருடங்களில் தனக்குள் மண்டிய கசப்பையும் வெறுப்பையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிரியமும் இருந்தது, மூச்சுமுட்டலும் இருந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தார். தாய்க்குச் செய்வதில் சலிப்பே வராது என்று நடிக்கச் சொல்லும் ஊரில் வளர்ந்தவள் நான். அந்தப் பக்கங்கள் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மாமேல் எரிந்து விழுந்துவிட்டு, அடுக்களையில் நின்று அழுத நாட்களில் என்னை நானே மன்னித்துக்கொள்ள ஒருத்தியின் துணை கிடைத்தது.

இளமையின் வறுமையும் கஷ்டமும் தன் வகைப் பயணத்துக்கு நல்ல பயிற்சியாக அமைந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். அது உண்மை என்பது புத்தகங்களிலேயே தெரிகிறது. மூட்டைப்பூச்சிக் கட்டில், காய்ந்த ரொட்டி, ஒழுகும் கூரை எதுவும் அவரை அசைக்காது. அதைவிட முக்கியமாக, யார் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டைக் கவனிக்கத் தெரியும். தண்ணீர் யார் சுமக்கிறார்கள், குழந்தைக்கு இருமல் எத்தனை நாளாக, கிழவிக்குச் சாப்பாடு எந்த மூலையில். மலையையும் கோட்டையையும் எவரும் எழுதிவிடலாம். இதெல்லாம் கண்ணில் படுவதற்கு ஒரு வீட்டைத் தலையில் சுமந்து பழகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டெல்லி வந்தவர் திரும்பி ஓடவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமில் வேலை செய்தார். அடுத்து நேபாளம். பிறகு எத்தியோப்பிய மலைகளில் ஜாக் என்ற கோவேறு கழுதையோடு நடந்தார். 1968-ல் மகள் ரேச்சல் பிறந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் குழந்தை பெற்று வளர்ப்பது அன்றைய கத்தோலிக்க அயர்லாந்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மகளுக்கு ஐந்து வயதாகும்வரை தூரப் பயணம் போகவில்லை. அதன்பின் அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் வந்தது எங்கே தெரியுமா? நம் பக்கம்தான். பம்பாயிலிருந்து கன்னியாகுமரி வரை நெரிசல் பேருந்துகளிலும் படகுகளிலும், மீனவர் குடிசைகளில் தங்கிக்கொண்டு. குடகு பிடித்துப்போய், திரும்பிப் போய் அங்கேயே இரண்டு மாதம் குடியிருந்தார்கள். மறுவருடக் குளிர்காலத்தில் ஆறு வயது மகளும் ஓய்வுபெற்ற ஒரு போலோ மட்டக்குதிரையுமாக, சிந்து நதிப் பள்ளத்தாக்கு வழியே பாகிஸ்தானின் வடக்கு மலைப்பகுதியான பால்டிஸ்தானில் நடந்தார்கள். உலர்ந்த ஆப்ரிகாட் பழம்தான் பல நாள் சாப்பாடு. மகளுக்கு ஒன்பது வயதில் பெருவின் ஆண்டிஸ் மலையில் கஹமார்க்காவிலிருந்து குஸ்கோவரை 1,300 மைல், ஹுவானா என்ற கோவேறு கழுதையோடு.

குழந்தையோடு இப்படிப் போகலாமா என்று எனக்கும் கேள்வி வந்தது. பால்டிஸ்தான் பாதைகளைப் பற்றிப் படிக்கும்போது பல இடங்களில் பயமாக இருந்தது. அது நியாயமான துணிச்சல்தானா என்று இன்னும் எனக்குள் முடிவாகவில்லை. ஆனால் குழந்தையோடு வரும் பெண்ணை எந்த ஊரும் சந்தேகப்படுவதில்லை, கதவுகள் சீக்கிரம் திறக்கின்றன என்று அவர் சொல்வதை நம்புகிறேன். அதே ரேச்சல் பதினெட்டு வயதில் கேமரூனுக்கு அம்மாவோடு போனபோது, அங்கே பலர் டெர்வ்லாவை ஆண் என்றே எடுத்துக்கொண்டு, இருவரையும் கணவன் மனைவி என்று நினைத்தார்கள்.

வயது ஏற ஏற அவர் புத்தகங்கள் கனமாகின. வடஅயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த எழுபதுகளில் சைக்கிளில் போய் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு தரப்பு வீடுகளிலும் உட்கார்ந்து பேசி எழுதியது ‘எ பிளேஸ் அபார்ட்’. அறுபது வயதில் கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரை சைக்கிள் மிதித்தார். அந்தப் பயணத்தைப் பற்றிய ‘தி உகிம்வி ரோடு’ புத்தகத்தின் தலைப்பிலுள்ள ‘உகிம்வி’ சுவாஹிலியில் எய்ட்ஸைக் குறிக்கும் சொல். எண்பதை நெருங்கும்போது காசாவில் ஒரு மாதம் தங்கினார். 2022 மே மாதம், லிஸ்மோரில், தொண்ணூறு வயதில் இறந்தார்.

ஒரு கட்டுரையில் அவர் பயணிகளுக்கு யோசனைகள் சொல்லியிருக்கிறார். வழிகாட்டிப் புத்தகத்தில் வெளிநாட்டார் அதிகம் போகும் இடங்களைக் கண்டுபிடித்து, அதற்கு எதிர்த்திசையில் போ. செல்போனை விட்டுவிட்டுப் போ. இரண்டாவது இன்றைக்கு எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை. ஆனால் ஒரே கணவாயை ஒரே கோணத்தில் ஆயிரம் பேர் காணொளி எடுத்துப் போடும்போது, அந்தக் கணவாயடியில் டீ போடுகிறவரின் பெயரை ஒருவராவது கேட்டாரா என்ற ஏக்கம் எனக்கு வருகிறது. டெர்வ்லா கேட்டிருப்பார்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தப் பதினாறு வருடமும் அவர் ஒரேயடியாக அடைபட்டுக் கிடக்கவில்லை. ஐம்பதுகளில் சில வாரங்கள் வேல்ஸ், தெற்கு இங்கிலாந்து, இரண்டு முறை ஸ்பெயின் என்று சைக்கிளில் போய் வந்திருக்கிறார். போய் வா என்று ஊக்கப்படுத்தியது படுக்கையில் இருந்த அம்மாவேதான். அவர் ஸ்பெயினில் இருந்த வாரங்களில் லிஸ்மோரில் அந்த அம்மாவை வேறு கைகள் தூக்கி உட்கார வைத்திருக்கும், கழிப்பறைக்குக் கொண்டுபோயிருக்கும். அந்தக் கைகள் இல்லையென்றால் ஸ்பெயின் இல்லை. ஸ்பெயின் இல்லையென்றால் இந்தியாவரை அந்த ஆசை உயிரோடு இருந்திருக்குமா?

எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரே ஒருமுறை. ஐந்தாவது வருடம் அண்ணி பத்து நாள் வந்து இருந்தார். பெட்டியோடு உள்ளே வந்தவர், ‘எந்த மாத்திரை எப்போன்னு எழுதி வச்சுட்டுக் கிளம்பு, போன் பண்ணாதே’ என்றார். நான் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கடற்கரையோர ஊர்கள் வழியாகத் தூத்துக்குடி வரை பேருந்து மாறி மாறிப் போனேன். மூன்றாம் நாள்தான் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வராமல் தூங்கினேன். திரும்பி வந்தபோது அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்து, கறுத்துப்போயிட்டே என்று குழறலாகச் சொன்னாள். அடுத்த இரண்டு வருடத்தை அந்தப் பத்து நாள்தான் தள்ளிக்கொண்டு போனது.

இப்போது எதிர்வீட்டுப் பெண் அதே இடத்தில் இருக்கிறாள். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு வேலை வெளியூரில். போன வாரம் போய், வைகாசியில் பத்து நாள் உன் மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன், எங்கேயாவது போய் வா என்று சொன்னேன். முதலில் வேண்டாம்க்கா என்றாள். நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி: அக்கா, ஹம்பிக்கு எந்த ரயில்?