குதிரைப் பல் வளர்வதில்லை, வெளியே வருகிறது

பல்லைப் பார்த்துக் குதிரையின் வயதைச் சொல்வது பற்றிய உங்கள் கட்டுரையில், குதிரைக்குச் சாகும்வரை பல் வளரும் என்று இருக்கிறது. அது சரியில்லை. ஒவ்வொரு பல்லிலும் நீளமான பகுதி ஒன்று ஈறுக்குள் சேமிப்பாக இருக்கும். மேலே தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வரும். அந்தச் சேமிப்பு தீர்ந்தால் அவ்வளவுதான், புதிதாக எதுவும் முளைக்காது.

வயது பார்க்கும் முறையை அழகாக விளக்கியிருக்கிறீர்கள். 5 வயதில் நிலையான வெட்டுப்பற்கள் எல்லாம் முளைத்துவிடும் என்பதால் அதுவரை கணக்கு ஓரளவு துல்லியம். அப்புறம் தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தீனியைப் பொறுத்து அது மாறும். 12 வயது என்று சொல்லி விற்ற குதிரையை வாங்கினேன். மேல்வரிசையின் ஓர வெட்டுப்பல்லில் பழுப்பு நிறப் பள்ளக்கோடு ஈறிலிருந்து நுனிவரை ஓடியிருந்தது. அது 20 வயதின் அடையாளம்.

அதைவிட முக்கியம் கடைவாய்ப்பல். மேல்வரிசையின் வெளி விளிம்பும் கீழ்வரிசையின் உள் விளிம்பும் கத்திபோல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். என் குதிரை பாதி மென்ற வைக்கோலை ஈர உருண்டையாகக் கீழே போட்டபோதுதான் எனக்கே புரிந்தது. மருத்துவர் அரத்தால் ராவிவிட்ட பிறகு ஒழுங்காகத் தின்றது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.