பேசாமல் இருப்பது மட்டும் சமாதானம் ஆகாது

கிறிஸ்தவ விசுவாசிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரசங்கியார்களான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் முன்குறித்தலைப் பற்றி, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்ற போதனையைப் பற்றி, வெளிப்படையாகவே மோதியவர்கள். விட்ஃபீல்ட் வெஸ்லிக்கு எழுதிய தனிப்பட்ட கடிதத்தை இருவரையும் கேட்காமல் யாரோ அச்சடித்து, 1741 பிப்ரவரியில் லண்டனில் வெஸ்லியின் சபையாருக்கு வாசலிலேயே கொடுத்துவிட்டார்கள். பிரசங்கம் முடிந்ததும் வெஸ்லி நடந்ததைச் சொன்னார். விட்ஃபீல்ட் இங்கே இருந்தால் என்ன செய்வாரோ அதையே செய்கிறேன் என்று, கையிலிருந்த பிரதியை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். வாங்கியவர்கள் அத்தனை பேரும் கிழித்தார்கள். இன்று ஒரு போதகரின் அந்தரங்க ஆடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் நம்மில் எத்தனை பேர் அழிக்கிறோம்?

அதற்காக இருவரும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஊழியம் பிரிந்தது, கடுமையான வார்த்தைகளும் வந்தன. ஆனாலும் 1770ல் விட்ஃபீல்ட் இறந்தபோது, அவர் விரும்பியபடியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

ஞானஸ்நானம், அந்நிய பாஷை (ஆவியின் வரமாக, கற்காத மொழியில் பேசுவது) என்று சந்தேகம் கேட்கும் வாலிபரிடம் "அதெல்லாம் பேசாதே" என்றால், அப்புறம் யூடியூபில் திட்டிக்கொண்டிருப்பவர்களிடம்தான் அவர் பதில் தேடுவார்.