‘கொள்ளை’ தெலுங்கிலிருந்து வந்த இரவல் சொல்லா?

நகரி, புத்தூர், சித்தூர் பக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘கொள்ளை’ தமிழே அல்ல, தெலுங்கின் ‘கொல்ல’விலிருந்து இரவல் வாங்கியதாம்.

தவறு. ‘கொள்’ என்ற வினையடியில் பிறந்த சொல் அது. கள்ளும் முள்ளும் தெலுங்கில் கல்லு, முல்லு என்று ஆனதைப் போலவே அங்கே ளகரம் லகரமாயிற்று. மலையாளத்தில் ‘கொள்ள’, கன்னடத்தில் ‘கொள்ளெ’. எல்லாம் ஒரே வேர். பகைநாட்டில் கவர்ந்த பொருளைச் சங்கப் புலவர்கள் ‘கொண்டி’ என்றார்களே, அதுவும் இந்த வேர்தான். செய்தியை எழுதியவர் அகராதியைப் புரட்டியிருக்கலாம்.

நான்கு பேர் சேர்ந்தாலே கூட்டுக்கொள்ளை என்றும் அதே செய்தி அளக்கிறது. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 310ஆவது பிரிவுப்படி குறைந்தது 5 பேர் வேண்டும்.