50 ஆட்டங்களை வைத்து முடிவுகட்ட முடியாது
முதல் 50 ஆட்டங்களிலேயே ஒரு பேஸ்பால் அணியின் சீசன் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50-இல் 19 ஜெயித்து 31 தோற்றது. மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை மாற்றச் சொல்லி ஒரே கூச்சல். அப்புறம் அதே அணிதான் அந்த சீசனில் 107 ஆட்டங்கள் வென்ற ஹூஸ்டன் அணியை வீழ்த்தி, சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றது. அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நேஷனல்ஸின் ஹோவி கெண்ட்ரிக் அடித்த பந்து வலது எல்லைக் கம்பத்தில் இடித்து, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் ஆனதே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது! இதெல்லாம் அதிர்ஷ்டம் என்கிறார் ஒரு நண்பர். ஓர் ஆட்டம் என்றால் சரி, சீசனின் 162 ஆட்டங்களில் மிச்சம் 112-இல் 74 வெற்றி எப்படி அதிர்ஷ்டமாகும்? முக்கியப் பந்துவீச்சாளர்களான ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் மூவரும் தோற்றுக்கொண்டிருந்த மே மாதத்திலும் அதே அணியில்தான் இருந்தார்கள்.