அந்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது?

போன வாரம் ஓர் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "டீச்சர், இங்கிலீஷ் பீரியட்ல பிள்ளைங்க ஓடிக்கிட்டே இருக்காங்களாமே, பாடம் எப்ப நடத்துவீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மணி அடித்துவிட்டதால் நின்ற இடத்திலேயே ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நான் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். என் வகுப்பு தினமும் ஐந்து நிமிட ஓட்டத்தோடும் சத்தத்தோடும்தான் தொடங்கும். பயிற்சிகளில் இதை வார்ம் அப் என்பார்கள். புத்தகத்தைத் திறக்கும் முன் பிள்ளைகளைத் தட்டி எழுப்புகிற வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். இப்போது என் வகுப்பில் மிக முக்கியமான ஐந்து நிமிடம் அதுதான் என்று நம்புகிறேன்.

ஆங்கில பயம் பிள்ளைகளின் உடம்பில் தெரியும். கணக்கு பீரியடில் கரும்பலகைக்கு ஓடி வருகிற பையன், நான் உள்ளே நுழைந்து "ஓப்பன் யுவர் புக்ஸ்" என்றதும் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவான். தோள் இறுகிவிடும், பார்வை டெஸ்க்கை விட்டு மேலே வராது. தவறும் இல்லை. அவன் காதில் ஆங்கிலப் பேச்சு விழுவதே இந்த நாற்பது நிமிடத்தில் மட்டும்தான். இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் "பேசு, பேசு" என்றால் எங்கிருந்து பேச்சு வரும்?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதைப் பற்றித்தான் ஆராய்ந்தார். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் பேராசிரியராக இருந்தவர். டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ், அதாவது கேட்ட கட்டளைக்கு உடம்பால் பதில் சொல்வது என்று அவருடைய முறைக்குப் பெயர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் சொன்ன அடிப்படை விஷயம் நம் வீட்டுத் திண்ணையிலேயே தெரியும். பேச்சே வராத குழந்தையிடம் "சாமி கும்பிடு" என்றால் கை குவிக்கும். "அத்தைக்கு டாட்டா காட்டு" என்றால் காட்டும். வாய் திறப்பதற்குப் பல மாதம் முன்பே உடம்பால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். தாய்மொழிக்கு அத்தனை மாதம் பொறுத்திருந்த நாம், ஆங்கிலத்துக்கு மட்டும் முதல் நாளே வாயைத் திறக்கச் சொல்கிறோம்.

அதனால் ஜூன் மாதம் முழுக்க என் பிள்ளைகள் பேச வேண்டியதில்லை. நான் சொல்வதைச் செய்தால் போதும். ஸ்டாண்ட் அப், டர்ன் லெஃப்ட், டச் த விண்டோ, வாக் லைக் அன் ஓல்ட் மேன். அப்புறம் சைமன் செஸ், அதாவது 'சைமன் சொல்கிறார்' விளையாட்டு. சைமன் யாரென்று எங்கள் ஊரில் தெரியாது, அதனால் அது கிராண்ட்மா செஸ் ஆகிவிட்டது. பாட்டி சொன்னால் செய்யணும், பாட்டி பெயர் வராமல் கட்டளை வந்தால் அசையக் கூடாது. அசைந்தவர்களை நான் அவுட் ஆக்கி உட்கார வைப்பதில்லை. அப்படிச் செய்தால் முதலில் உட்காருகிற பிள்ளை யார்? ஆங்கிலம் சரியாகப் புரியாத பிள்ளைதான். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவரையே ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு மீதிப் பேரோடு விளையாடுவது என்ன நியாயம்? எங்கள் வகுப்பில் தப்பு செய்தவர் ஓர் அடி பின்னால் போய் நின்று தொடர்ந்து விளையாடுவார்.

ஜூலையில் கட்டளையிடும் வேலை பிள்ளைகளுக்குப் போகும். காலில் குறைபாடு உள்ள ஒரு பையன் இருக்கிறான், ஓட முடியாது. முதலில் கட்டளை கொடுக்கும் இடம் அவனுக்குத்தான். அந்த அம்மாவின் மகளும் அப்படித்தான் வாய் திறந்தாள். ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவுக்கு "பிரசண்ட்" சொல்வதைத் தவிர அவள் குரலை நான் ஆங்கிலத்தில் கேட்டதே இல்லை. இந்த ஜூலையில் ஒரு நாள் எழுந்து நின்று, என்னைப் பார்த்து, "டீச்சர், டச் த ஃப்ளோர்" என்றாள். வகுப்பே மூச்சு விடாமல் பார்த்தது. நான் குனிந்து தரையைத் தொட்டேன். அவள் முகத்தை அப்போது அவள் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

என் வகுப்புக்கு மிகவும் பிடித்தது சுவர் ஓட்டம். இடது சுவரில் குண்டூசிப் படம், வலது சுவரில் குப்பைத்தொட்டிப் படம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உள்ள சொல்லை நம் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'பின்'தான், இந்தப் பதிவில்கூட வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை பாருங்கள். ஒலி நம்மிடம் இல்லாமல் இல்லை. 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள், முதல் 'ப' வேறு, இரண்டாவது 'ப' வேறு. தினமும் இரண்டையும் சொல்கிறோம், ஆனால் ஒரே எழுத்து என்பதால் காது அதைக் கவனிப்பதில்லை. நான் ஒரு சொல்லைச் சொன்னதும் கேட்டபடி சுவருக்கு ஓட வேண்டும். முதல் நாள் பாதி வகுப்பு நடுவில் முட்டிக்கொண்டது.

பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்தபோதுதான் இந்த விளையாட்டின் அருமை புரிந்தது. ஒருவன் ஊசியை நினைத்துக்கொண்டு சொல்கிறான், எல்லோரும் குப்பைத்தொட்டிக்கு ஓடுகிறார்கள். "ஐயோ, நான் அதைச் சொல்லல!" என்று அவனே உதட்டை அழுத்தி மறுபடி சொல்கிறான். யாரும் திட்டவில்லை, சிவப்பு மையும் இல்லை. தன் ஒலி மற்றவர் காதில் எப்படி விழுகிறது என்று அவனே கண்ணால் பார்த்துவிட்டான். வாய்க்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்வேன். ஊசிக்கு உரிய ஒலியைச் சரியாகச் சொன்னால் காகிதம் படபடக்கும். ஷிப், ஷீப் மாதிரியான சொற்களில் இத்தனை பாடு இல்லை. கல், கால் என்று குறில் நெடில் பழகிய காதுக்கு அது சுலபம்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஓடிப்போய் வாசித்து வருகிற டிக்டேஷன் விளையாட்டு. பாடத்தின் முதல் நான்கு வரியை வராந்தாச் சுவரில் ஒட்டிவிடுவேன். ஜோடியில் ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியை மனதில் ஏற்றி வந்து சொல்ல, மற்றவர் எழுதுவார். பாதி வழியில் மறந்துபோனால் திரும்ப ஓட வேண்டும். வாசிப்பது, பேசுவது, கேட்பது, எழுதுவது நான்கும் அதிலேயே நடந்துவிடும். பாடத்துக்கு வரும்போது அந்த வரிகள் அவர்களுக்குப் பழசு.

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை போன்ற இடங்களில் நம்மைப் போன்ற பள்ளிகளிலேயே ஒரு பெரிய சோதனை நடத்தினார். மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு நன்றாகப் பதியும் என்பது அவர் கருத்து. அவருடைய வகுப்புகளில் இப்படி ஓட்டமெல்லாம் கிடையாது, புதிர்களும் வரைபடங்களும்தான். ஆனால் வராந்தாவிலிருந்து வரியை வாய்க்குள் முணுமுணுத்தபடி ஓடி வருகிற பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு விஷயத்தில் சக ஆசிரியர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பயிற்சி முகாம்களில் கற்றுத் தருகிற மழைத் தட்டு, பூத் தட்டு மாதிரியான கைதட்டல்கள் எல்லாம் சந்தோஷமானவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் கலையும். ஆனால் அதில் ஆங்கிலம் எங்கே இருக்கிறது? கைதட்டிவிட்டு உட்கார்ந்ததும் பழைய பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைய பாடத்தில் வரப்போகிற சொல்லோ வாக்கியமோ விளையாட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஐந்து நிமிடம் பி.டி. பீரியடுக்குச் சொந்தம்.

நேரக் கணக்கும் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 1000 நிமிடம், அதாவது 25 பீரியட். சின்னக் கணக்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பெல்லாம் அந்த ஐந்து நிமிடம் என் குரல் மட்டுமே கேட்டது. இப்போது நாற்பது பேரும் ஆங்கிலம் கேட்டு, புரிந்து, ஏதாவது ஒன்றைச் செய்கிறார்கள். சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொல்லைதான். அந்த சாரிடம் பேசி, சத்தமான விளையாட்டுகளை மரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். நான் கையை உயர்த்தினால் எல்லோரும் கையை உயர்த்தி அமைதியாவது என்று முதல் வாரத்திலேயே பழக்கிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆனதும், விளையாட்டு சூடுபிடித்திருக்கும்போதே நிறுத்திவிடுவேன். "இன்னும் ஒரு தடவ டீச்சர்" என்பார்கள். "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன்.

அந்த அம்மா திரும்ப வந்தால் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். நேற்றும் சுவர் ஓட்டம்தான் விளையாடினோம். இன்னும் ஆறு பேர் ஊசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். திங்கட்கிழமை காகிதத் துண்டை அவர்கள் கையில் கொடுத்து மறுபடி ஓடவிட வேண்டும்.